முப்பது சென்ட் பொது இடம்: நடைபாதையா, சறுக்குமரமா, பந்து மைதானமா?

புது மனைப்பிரிவில் வீடுகள் ஓரளவு நிரம்பியதும் நலச்சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தே தீரும். முள்செடியும் கட்டட இடிபாடுமாகக் கிடக்கிற ஓஎஸ்ஆர் இடத்தை, அதாவது பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய காலி இடத்தை, என்ன செய்யலாம்? பெரியவர்கள் நடக்கப் பாதை கேட்பார்கள். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் ஊஞ்சல் கேட்பார்கள். பதினைந்து வயதுப் பையன்கள் கூட்டத்துக்கே வரமாட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே அங்கே ஸ்டம்பு நட்டிருப்பார்கள். கடைசியில் ஒருவர் "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுடலாம்" என்பார், எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு அந்தத் தலையாட்டலோடுதான் சண்டை. ஏன் என்று டேப் பிடித்து அளந்தே பார்த்துவிடலாம்.

முதலில் நிலம். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதில் பணம் கட்டவும் வழியுண்டு. அதைத் தாண்டினால் நிலமாகவே தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். நாலரை ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால் மிச்சம் மூன்று ஏக்கர். அதில் பத்து சதவீதம் 30 சென்ட். மீட்டர் கணக்கில் சுமார் 1,200 சதுர மீட்டர். வடக்கு தெற்கு 40, கிழக்கு மேற்கு 30 என்று வைத்துக்கொள்வோம். நூறு வீட்டுக்கு இதுதான் மொத்தமும்.

இந்த அளவு தெரிந்ததுமே பாதிக் கனவு கலைந்துவிடும். முழு கால்பந்து மைதானம் 105க்கு 68 மீட்டர், அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர். நம் இடத்தைப் போல ஆறு மடங்கு. கார்க் பால் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். சென்னை தி.நகரில் நடப்பவர்களுக்கும் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் நடேசன் பூங்காவும் பனகல் பூங்காவும் இருக்கின்றன. பந்து அடிக்கிறவர்களுக்கு சோமசுந்தரம் மைதானம் தனியாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மைதானத்தில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பல கிரிக்கெட் ஆட்டங்கள் நடக்கும், எந்தப் பந்து யாருடையது என்பது ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். இப்படிப் பூங்காவை ஒரு தெருவிலும் மைதானத்தை இன்னொரு தெருவிலும் வைக்கிற வசதி முப்பது சென்ட்டுக்கு இல்லை.

நிலத்தைவிடத் தட்டுப்பாடான இன்னொன்று நேரம். பகல் வெயிலில் எவரும் வரப்போவதில்லை. காலையில் நடப்பவர்கள் மட்டும். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் கேட்கிற நேரம் சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை. ஆகவே எந்தத் திட்டத்தையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்: அந்த இரண்டு மணி நேரத்தில் இது யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது?

வழக்கமான நடைபாதைப் பூங்காவில் தொடங்கலாம். உள்ளாட்சியில் கேட்டால் அநேகமாகக் கிடைப்பது இதுதான். சுற்றிலும் பேவர் பிளாக், நடுவில் புல்தரை, சிமெண்ட் பெஞ்சு, ஓரமாக உடற்பயிற்சிக் கருவிகள், 'புல்லின் மேல் நடக்காதீர்' என்று ஒரு பலகை. திறப்பு விழாப் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் சுவரிலிருந்து 2 மீட்டர் உள்ளே தள்ளிப் பாதை போட்டால் ஒரு சுற்று 124 மீட்டர்தான் வரும். ஒரு கிலோமீட்டர் நடக்க எட்டுச் சுற்று. மனைப்பிரிவின் உள்தெருக்களையே ஒருமுறை சுற்றிவந்தால் அதைவிட நீளம். நடக்கிறவருக்குத் தெரு இருக்கிறது. பந்து ஆடுகிறவருக்கு வேறு இடம் கிடையாது. முழங்கால் வலி உள்ளவருக்குச் சமமான தரையும், நாய் துரத்தாத இடமும், இருட்டிய பிறகு வெளிச்சமும் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். அதற்கு நல்ல ஒரு மண்பாதையும் நாலு விளக்கும் உட்கார இடமும் போதும். மொத்த இடத்தையும் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

புல்தரைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோடையில் புல் பச்சையாக இருக்க ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். 400 சதுர மீட்டர் புல்லுக்கு 2,000 லிட்டர். மே மாதம் வீட்டுக்கே லாரித் தண்ணீர் வாங்குகிற ஊரில், யாரும் கால் வைக்கக்கூடாத புல்லுக்கு ஆறு நாளைக்கு ஒரு லாரி! சங்கத்தில் சந்தா கேட்கும்போது இந்த வரியைப் படித்துக் காட்டினால் புல்தரை யோசனை அங்கேயே கைவிடப்படும். சென்னைப் பக்கம் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. முப்பது சென்ட்டில் விழுகிற மழை மட்டுமே 16 லட்சம் லிட்டரைத் தாண்டும். பேவர் பிளாக்கால் மூடினால் அதில் பெரும்பகுதி தெருவுக்கு ஓடிவரும். மண்ணாக விட்டு, தாழ்ந்த மூலையில் ஓர் உறைக்கிணறு இறக்கினால் அது அக்கம்பக்கத்துப் போர்வெல்லுக்குப் போகும்.

அடுத்தது முழுக்க முழுக்கக் குழந்தைகள் திடல். மனசுக்கு இதம் தருகிற யோசனை, யாரும் எதிர்த்துப் பேச முடியாத யோசனையும்கூட. சிக்கல் அளவில்தான். ஊஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு, ஊஞ்சல் தொங்குகிற உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் முன்னாலும் பின்னாலும் காலியாக இருக்க வேண்டும் என்கிறது. 2.4 மீட்டர் உயரக் கம்பி என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 10 மீட்டர். பக்கவாட்டு இடைவெளியையும் சேர்த்தால் இரண்டு இருக்கை ஊஞ்சல் ஒன்றரை சென்ட்டை எடுத்துக்கொள்ளும். நம் ஊர்ப் பூங்காக்களில் சறுக்குமரம் இறங்குகிற இடத்திலேயே ஊஞ்சலை நட்டுவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சறுக்கி இறங்குகிற பிள்ளையின் நெற்றிக்கு நேரே ஊஞ்சல் பலகை வரும்.

அடித்தரையும் முக்கியம். சிமெண்ட் தரையில் நட்ட கருவியை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்கக்கூடாது. நாலடி உயரத்திலிருந்து விழுந்தால் தாங்குவதற்கு 9 அங்குல ஆழ மணல் வேண்டும். ரப்பர் ஓடு பதித்தால் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வெயிலில் கொதிக்கும், இரண்டு மழைக்காலம் தாண்டியதும் ஓரம் பெயர ஆரம்பிக்கும். மணலுக்குப் பூனைத் தொல்லை உண்டு. வாரம் ஒருமுறை கிளறி, ஆண்டுக்கொருமுறை மேல்மணலை மாற்ற ஆள் வேண்டும். இருந்தாலும் என் ஓட்டு மணலுக்கே, சின்னப் பிள்ளைகள் மற்ற கருவியை விட்டுவிட்டு அதில்தான் உட்காரும். ஆம்ஸ்டர்டாமில் 1947 முதல் ஆல்டோ வான் எய்க் என்ற கட்டடக் கலைஞர் தெருமுனைகளிலும் காலி மனைகளிலும் எழுநூறுக்கும் மேற்பட்ட சிறு விளையாட்டுத் திடல்களை வடிவமைத்தார். பெரும்பாலும் சிமெண்ட் விளிம்பு கட்டிய மணல்தொட்டி, தாவிக் குதிக்கச் சில கற்கள், தொங்கிச் சுழல இரும்புக் கம்பிகள். அவ்வளவுதான். யானை முகச் சறுக்குமரமும் டைனோசர் வளைவும் பெரியவர்களைக் கவர்வதற்காக வாங்கப்படுபவை.

மொத்த இடத்தையும் குழந்தைகளுக்குக் கொடுத்தால் வருகிற உண்மையான பிரச்சினை வேறு. சறுக்குமரத்தின் வயது மூன்று முதல் எட்டு. ஒன்பது வயதில் பிள்ளை அதை விட்டுவிடும். மனைப்பிரிவும் வயதாகும்: ஒரே சமயத்தில் வீடு கட்டி வந்த இளம் தம்பதிகளின் பிள்ளைகள் ஒரே சமயத்தில் வளர்வார்கள். பத்து வருடத்தில் கருவிகள் துருப்பிடிக்கிறபோது, அதே பிள்ளைகள் கையில் பந்தோடு தெருவில் நிற்பார்கள்.

சரி, பந்துக்கே கொடுத்துவிடலாம் என்றால் இரண்டு வழி. ஒன்று டர்ஃப். பச்சைச் செயற்கைப் புல், நாலு பக்கமும் மேலேயும் வலை, ஃப்ளட்லைட். பந்து வெளியே போகாது, சன்னல் உடையாது, மழை நின்றதும் ஆடலாம். கையில் காசு உள்ள சங்கங்களை இது சுண்டி இழுக்கிறது. நான் இதற்கு எதிரி. உச்சிவெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும், பகலில் யாரும் கால் வைக்க முடியாது. எட்டு பத்து வருடத்தில் தேய்ந்து மொத்தமாக மாற்ற வேண்டும். அந்தப் பெரும் செலவை ஈடுகட்டக் கட்டணம் வைப்பார்கள், கட்டணம் வைத்த அன்றே அது பொது இடமாக இருப்பது நின்றுபோகும். சென்னை மாநகராட்சி 2024 அக்டோபர் இறுதியில் தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றது. மாநகராட்சிக்கே பராமரிப்பு பாரம் என்றால், நூறு வீட்டுச் சங்கம் எம்மாத்திரம்? இரவு பத்து மணி வரை வாடகைக்கு விட்டு, வெளியூர் அணிகளின் பைக்குகளுக்கு நம் வாசலில் இடம் கொடுக்க வேண்டிவரும்.

இன்னொரு வழி வெறும் மண் மைதானம். செம்மண்ணோ கிராவலோ பரப்பி, ரோலர் ஓட்டி, நடுமுதுகு கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி வாட்டம் கொடுத்தால் போதும். பணக்காரத் தோற்றம் இருக்காது. மழையில் இரண்டு நாள் சேறு, கோடையில் புழுதி. சாயங்காலம் நாலு மணிக்கு ஒருமுறை தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆனால் நெகிழ்வு என்று பார்த்தால் இதை எதுவும் தொட முடியாது. வாலிபால் கோர்ட் 18க்கு 9 மீட்டர், சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் 24க்கு 15. அதில் ஒரே நேரத்தில் 12 பேர் ஆடுவார்கள். டென்னிஸ் கோர்ட்டுக்கு இதைவிட அதிக இடம் வேண்டும், ஆடுவது அதிகபட்சம் நாலு பேர். கூடைப்பந்துக்கு 28க்கு 15 மீட்டர் சிமெண்ட் தரை வேண்டும், ஒருமுறை போட்டால் வேறு எதற்கும் ஆகாது. பூப்பந்து கோர்ட் 24க்கு 12. தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம், கம்பளி நூல் சுற்றிய மஞ்சள் பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். இன்று அதை ஆடுகிறவர்கள் குறைந்திருக்கலாம், ஆனால் ரிடையர் ஆன ஒரு பிடி மாஸ்டர் உங்கள் தெருவில் இருந்தால் அணி தானாகச் சேரும். கபடிக்கு 13க்கு 10 போதும்.

கிரிக்கெட்டைத் தடை செய்ய முடியாது, செய்யவும் கூடாது. 22 கஜ பிட்ச் 20 மீட்டர் சொச்சம்தான், அது 28 மீட்டர் மண்ணில் அடங்கும். ரப்பர் பந்து, காம்பவுண்டைத் தாண்டி அடித்தால் அவுட், ஒன் பிட்ச் கேட்ச் செல்லும். இடத்துக்கேற்ற சட்டத்தைப் பையன்கள் நம்மைவிட நன்றாக எழுதுவார்கள். வலை கட்டுகிற கம்பங்கள் மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். கம்பத்தை நிரந்தரமாகக் கான்கிரீட்டில் ஊன்றுகிற ஒப்பந்தக்காரருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தரைக்குள் குழாய் உறை புதைத்து, அதில் கம்பத்தைச் செருகி எடுக்கலாம்.

இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை இப்போது வருகிறது. வெறும் மைதானம் என்றால் ஆறே மாதத்தில் அது பதினான்கு முதல் இருபது வயதுப் பையன்களின் சொத்தாகிவிடும். வியன்னாவில் 1990களில் இதையே ஆராய்ந்தார்கள். ஒன்பது பத்து வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காக்களுக்கு வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. 1999இல் அய்ன்ஸீட்லர் பூங்காவையும் இன்னொன்றையும் மாற்றி அமைத்தார்கள்: ஒரே பெரிய பந்துக் கூண்டு இருந்த இடத்தைப் பிரித்தார்கள், வாலிபாலுக்கும் பேட்மிண்டனுக்கும் இடம் ஒதுக்கினார்கள், உள்ளே வரவும் போகவும் வழிகளைக் கூட்டினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நம் ஊரிலும் த்ரோபால், ஷட்டில் என்றால் பெண்கள் இறங்கி ஆடுவார்கள். த்ரோபால் கோர்ட் 18.3க்கு 12.2 மீட்டர், அதே மண்ணில் அதே கம்பங்களில் அடங்கும். நேரத்தை மட்டும் எழுதி ஒட்டவேண்டும். வாரத்தில் மூன்று சாயங்காலம் ஐந்தரை முதல் ஆறரை வரை த்ரோபால் என்று பலகை இருந்து, அந்த நேரத்தில் வலையைக் கட்ட ஒரு அக்கா முன்வந்தால் போதும், மற்றது தானாக நடக்கும். பலகை மட்டும் இருந்து அக்கா இல்லை என்றால் நடக்காது.

குறுங்காடு யோசனையும் கூட்டத்தில் வரும். சென்னை கோட்டூர்புரத்தில் மாநகராட்சி வளர்த்த மியாவாக்கி காடு பலருக்கும் தெரியும். குப்பை மேடாகக் கிடந்த இடத்துக்கு அது அருமையான மருந்து. ஆனால் நெருக்கி நட்ட காட்டுக்குள் யாரும் விளையாட முடியாது. மைதானத்துக்கு இடம் உள்ள ஊருக்கு அது இரண்டாவது திட்டமாக இருக்கட்டும்.

கட்டடமும் வேண்டாம். சங்க அலுவலகம், சின்ன நூலகம், மூலையில் ஒரு பிள்ளையார் என்று நல்லெண்ணத்தோடுதான் ஆரம்பிப்பார்கள். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை அங்கே குடியிருந்தவர்கள் எதிர்த்து வழக்காடி, 1991இல் உச்ச நீதிமன்றம் வரை வென்றார்கள். மருத்துவமனைக்கே இடமில்லை என்றால் சங்க அலுவலகத்துக்கு ஏது? தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959லேயே தனிச் சட்டம் இருக்கிறது.

இப்போது "எல்லாத்துலயும் கொஞ்சம்". நடை, குழந்தைகள், பந்து, மரம் என்று நான்காகப் பிரித்தால் ஆளுக்கு ஏழரை சென்ட். அதில் நடைபாதை சுற்று 60 மீட்டர், ஊஞ்சலும் சறுக்குமரமும் முட்டிக்கொள்ளும், மிஞ்சும் பந்து மூலையில் வாலிபால் கோர்ட்டைச் சுற்றி நகரவே இடம் இருக்காது. நாலு தரப்பும் ஏமாறும். சமமாகப் பிரிப்பது சொத்துத் தகராறுக்குச் சரி, திடலுக்குச் சரிவராது.

நான் வரைவது இப்படி. மண் மைதானத்துக்கு 28க்கு 18 மீட்டர், வடக்கு ஓரத்தில். இது பன்னிரண்டரை சென்ட், மொத்தத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல். நீளவாக்கு வடக்கு தெற்காகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் சாயங்கால வெயில் ஒரு பக்க ஆட்டக்காரர்களின் கண்ணில் நேராக அடிக்கும். மேற்குப் பக்கம் எட்டு மீட்டர் விட்டு இரண்டு வரிசை மரம். புங்கை, வேம்பு, பூவரசு போதும். நாலு மணிக்கே மைதானத்தில் நிழல் விழும். சீக்கிரம் வளருமே என்று குல்மோகர் நடாதீர்கள், 2016 டிசம்பர் வார்தா புயலில் சென்னையின் சாலைகளில் மரங்கள் கிடந்த கிடப்பு நினைவிருக்கும். தெற்கே வாசலை ஒட்டி 14க்கு 12 மீட்டரில் குழந்தைகள் மூலை: மணல்தொட்டி, ஓர் ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், தொங்கக் கம்பிகள். நாலு சென்ட்தான், ஆனால் வாசலில் இருப்பதால் தெருவிலிருந்தே பிள்ளை கண்ணில் படும். அந்த மூலைக்கும் மைதானத்துக்கும் நடுவே மூன்று மீட்டர் உயரக் கம்பி வலை. வீடுகள் பக்கமும் அதே உயரம். மிஞ்சும் ஓரங்களில் மிதித்துப் பண்படுத்திய மண்பாதை. குழந்தைகள் மூலையைப் பார்த்தபடி மர நிழலில் பெஞ்சுகள், பெரியவர்களுக்கும் பொழுது போகும். விளக்கு எட்டரைக்கு அணைய வேண்டும். ஒலி மாசு விதியில் குடியிருப்புப் பகுதியின் இரவு வரம்பான 45 டெசிபல் பத்து மணிக்குத்தான் தொடங்குகிறது என்றாலும், பத்தாவது படிக்கிற பிள்ளை உள்ள வீடு அவ்வளவு நேரம் பொறுக்காது.

செலவையும் இதே வரிசையில் செய்யலாம். முதலில் வேலி, வாட்டம், உறைக்கிணறு, மரக்கன்று. இவை மழைக்காலத்துக்கு முன் முடிந்தால் மற்றது மெதுவாக வரட்டும். நிலம் உள்ளாட்சியின் பெயரில் இருப்பதால் அவர்களின் அனுமதி இல்லாமல் ஒரு கம்பம்கூட நட முடியாது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போடுகிற நமக்கு நாமே திட்டத்தில் மனுக் கொடுக்கலாம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியையும் கேட்கலாம். மனுவோடு அளவு போட்ட வரைபடத்தையும் இணையுங்கள். 'பூங்கா அமைத்துத் தரவும்' என்று மொட்டையாக எழுதினால் பேவர் பிளாக்கும் புல்தரையும்தான் வரும்.

என் தீர்ப்பு ஒரே ஒரு சூழ்நிலையில் மாறும். அரை கிலோமீட்டருக்குள் ஒரு பள்ளி இருந்து, சாயங்காலம் தன் மைதானத்தைத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் பந்துக்கு அங்கேயே இடம் கிடைத்துவிடும். அப்போது முப்பது சென்ட்டில் மணலையும் மரத்தையும் பெருக்கி, பந்துக்கு ஒரு ஷட்டில் கோர்ட் மட்டும் வைத்தால் போதும். அதனால் வரைபடம் போடுவதற்கு முன்பே தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்துவிடுங்கள், அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி ஆறு மணிக்கு மேல் சாவி யார் கையில் இருக்கும் என்பதுதான்.